நீலத் திரை

கண்ணு,

நாங்கள் சௌக்கியம். நீ சொன்னபடி கேபிளை நிறுத்திவிட்டோம். சினிமாவுக்கு நெட், செய்திக்கு மொட்டைமாடியில் ஆன்டெனா. உன் யோசனையில் தப்பே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் செய்தி வரவில்லை. அப்பா விறுவிறுவென்று மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று ஆன்டெனாவைத் திருப்பினார். "இப்ப தெரியுதா?" என்று கத்தினார். டிவியில் வெறும் நீலம்தான். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று "பளிச்சுன்னு தெரியுதுங்க, இறங்கி வாங்க!" என்று புளுகினேன்.

வந்ததும் கத்துவாரே என்று சமையலறைக்குள் போய்விட்டேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அந்த நீலத் திரைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரேன், செய்தி வாசிக்கிறவ நம்ம பொண்ணு சாயல்ல இல்ல?"

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கண்ணு.

"ஆமாங்க" என்றேன்.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார். சும்மாதான்.

டிவியை இன்னும் அணைக்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா