வெறும் பிஸ்டலை இழுத்தது

ஐப்பசி 12, செவ்வாய்.

தூக்கம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது அரித்துக்கொண்டே இருக்கிறது.

பழைய பாயின்ட் டூ டூ பிஸ்டல். ராணுவத்தில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போனவருடையது. அவர் இறந்தபின் லைசென்ஸ் மனைவி பெயரில். வாங்கும் அனுமதிக்கு ஒரு வருடம் அலைந்து, இன்றுதான் போனேன். அந்தம்மா பெட்டியைத் திறந்து கொடுத்தார். என் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்து விசையை இழுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, வெறுமனே இழுத்துட்டீய? உள்ள தோட்டா இல்லன்னா ஊசி நேரா குழல் விளிம்புல அடிச்சுப் பள்ளம் விழுந்துரும்லா? சுட்ட தோட்டாக் கூட்டை உள்ள போடாம அவிய ஒரு நாளும் இழுத்ததில்ல."

"முப்பது வருசமா பிஸ்டல் வச்சிருக்கேம்மா. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் அதை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். "இதை நான் குடுக்கல. காபி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

சாப்பிட்டதும் என் பிஸ்டலை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தோட்டா உட்காரும் விளிம்பில் அந்தம்மா சொன்ன அதே பள்ளம். வாங்கும்போதே இருந்தது என்றுதான் துப்பாக்கி கிளப்பில் எல்லோரிடமும் சொல்வேன்.

வாங்கிய அன்று அந்த விளிம்பு வழவழவென்று இருந்தது.