துத்தம் போடாத பசை

14-5-1974, செவ்வாய். கரமனை.

வெங்காயத் தோலை ஒட்டிப் படம் செய்வது என் யோசனை. அடுத்த வீட்டுக் கமலம் மாமி என்னிடம் கற்றுக்கொண்டு, மகளிர் சங்கக் கண்காட்சியில் தன் கண்டுபிடிப்பென்று பரிசு வாங்கிவிட்டாள். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இன்று கூசாமல் வந்தாள். "மந்திரி பங்களாவுக்குப் பெரிய படமா கேட்டிருக்கா. பசைல என்னடி சேர்க்கறே?"

"வெறும் மைதாதான் மாமி. கொஞ்சம் சர்க்கரை போட்டா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

நான் சேர்ப்பது மயில்துத்தம். அது இருந்தால்தான் பூச்சி அண்டாது.

"நீ நன்னா இருப்பே, கேட்டியா" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

படத்தின் அடியில் பெயரைப் பெயிண்டில் பெரிதாக எழுதச் சொல்லி அனுப்பினேன். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கட்டும். எறும்பும் கரப்பானும் படத்தைத் தின்று தீர்க்கட்டும். மந்திரி வீட்டுச் சுவரில் அவள் பெயர் மட்டும் நிற்கட்டும்.