திரையில் நூறு என்று காட்டியது

ஹிப்பிங்,
ஏப்ரல் 9

அன்பு மகள் இங்க்ரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை கால்வினும் அந்த அலாஸ்கா குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. இங்கே ஏப்ரல் வந்தும் பனி போனபாடில்லை, வாசலில் இன்னும் நான்தான் தள்ளுகிறேன், மூச்சு வாங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்து அம்மா திட்டுகிறாள், திட்டிவிட்டுக் காட்டரிசி சூப் வைத்துத் தருகிறாள், ஆக எனக்கு லாபம்தான்.

சொல்ல வந்ததை விட்டுச் சுற்றி வளைக்கிறேன். நீ அலாஸ்காவுக்குப் போகும்போது பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்று ஏதோ போட்டுக் கொடுத்தாயே, எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஒரே குறை, கீபோர்டில் சத்தம் கூட்டுகிற பட்டனை அமுக்கினால் திரையில் ஒன்றுமே காட்டாது. கூடியதா குறைந்ததா, கடவுளுக்கே வெளிச்சம். நீ அதில் கூப்பிட்டுப் பேசும்போது உன் குரல் மாசத்துக்கு மாசம் தேய்ந்துகொண்டே வந்தது, நான் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுப் பட்டன் செத்துப்போச்சு என்று முடிவு கட்டினேன். உன்னிடம் சொன்னால் அதற்கும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வாய் என்று சொல்லவில்லை. உங்கள் ஊர் இணையத்தில் படமும் வராது, வெறும் குரல்தான், நீ பேச்சை நிறுத்துகிற இடமாகப் பார்த்து நல்லது, நல்லது என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அப்புறம் மூன்று வாரமாக நீ என்னைக் கூப்பிடவே இல்லை, அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், எனக்குக் கோபம்கூட வந்தது, பெற்ற மகளுக்கு அப்படி என்ன ராங்கி என்று.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு எல்டன் வந்தான், டெலிபோன் கம்பெனியில் முப்பது வருஷம் கம்பி இழுத்தவன், பட்டன் வேலை செய்யுதுப்பா, செஞ்சேன்னு திரைக்குச் சொல்லத்தான் ஆளில்லைன்னு சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு சின்ன புரோகிராமை ஏற்றிப் பட்டனோடு சேர்த்துவிட்டான். நான் அமுக்கினேன். திரை நடுவில் ஒரு பட்டை வந்தது, முழுக்க நிறைந்து, பக்கத்தில் நூறு என்று. அதற்கு மேல் போக இடமில்லை. அவன் போட்ட பாட்டு எனக்கு அடுத்த அறையில் ஓடுவது போலக் கேட்டது, திரும்பினால் எல்டன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறான். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து வீடே இடிஞ்சு விழுது, காது என்ன செவிடா உங்களுக்குன்னு கத்தினாள். கத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள், கிட்டே வந்து என் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

சுரங்கத்தில் பாறை உடைக்கிற எந்திரத்துப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றவன், எனக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன், இங்க்ரிட் கடைசியாக என்னிடம் என்ன பேசினாள், உனக்குத் தெரியுமா என்று. வயிற்றில் நாலு மாசமாக இருந்தது தங்கவில்லை என்பதை நீ முதலில் என்னிடம்தான் சொன்னாயாம். உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன், தாங்க முடியாம வாயைத் திறக்காம இருக்கீங்கன்னு நானும் அந்தப் பேச்சை எடுக்கலைன்னு அழுதாள்.

நீ அதைச் சொன்னபோது நான் நல்லது என்றேன், இங்க்ரிட். இரண்டு தடவை சொன்னேன். அது உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு.

வருகிற வியாழக்கிழமை காதுக்கு மெஷின் மாட்டுகிறார்கள், அதுவரை உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியமில்லை, அதனால்தான் கடிதம். நீ பனி தள்ளாதே, கனமாக எதையும் தூக்காதே, வேலைக்கு ஓடாதே, கால்வினும் அழட்டும், அவனை அதட்டாதே. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் கைவிட மாட்டார், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கிறது. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது எனக்குப் போதாது, அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை நீயே என்னிடம் சொல்லு, எவ்வளவு நேரமானாலும் சரி, நடுவில் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் அப்பா,
வெண்டல்