எட்னாவின் புகை

மார்ச் 4, செவ்வாய்
லண்டன் குளிரில் வேலை முடிந்து நேரே ஓவிய வகுப்பு. இன்று ஆளுக்கொரு பழைய ஓவியத்தைத் தெரிந்தெடுத்துப் பிரதி செய்யத் தொடங்கினோம். என்னுடையது இருநூறு வருசப் பழசு. தூரத்தில் எட்னா எரிமலை, முன்னால் கிரேக்க அரங்கொன்றின் உடைந்த தூண்கள். அந்த அந்தி வானத்து ஆரஞ்சுக்காகத்தான் எடுத்தேன்.

ஏப்ரல் 8
தூண்கள் சரிவந்துவிட்டன. ஓரம் வெறுமையாகக் கிடந்ததால் காற்றில் சாயும் மரங்களை என்பாட்டில் சேர்த்தேன். மலைதான் அடங்க மாட்டேன் என்கிறது. நானும் விடுவதாக இல்லை.

மே 6, செவ்வாய்
படம் முடிந்தது. ஆசிரியை பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.
"இது உங்கள் ஊர்தானே?"
"இல்லை, சிசிலி."
அடுத்த மாதக் கண்காட்சியில் வைக்கப்போகிறாராம். கீழே ஒட்டும் அட்டையையும் எழுதிவிட்டார்: 'போரில் இழந்த வீடு.'
எங்கள் மன்னார் வீடு இடியவே இல்லை! போன வருசம்தான் சித்தப்பா பெயின்ட் அடித்தார். போரில் நான் பட்டது உண்டு. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது என் விருப்பம்.

மே 7
யாக்கோப்பு சொல்கிறார்: "விடுமப்பா. நாலு சனம் பாத்து அழட்டுமே. உமக்கென்ன நட்டம்?"
என்ன நட்டமோ? ரெண்டு மாசமா நிறம் கலந்து கலந்து செத்தது நான். புருசனெண்டு இருந்தென்ன! வெள்ளைக்காரன் மலை கீறினா மலை. நான் கீறினா மட்டும் காயமோ? ஏலாது.

மே 13, செவ்வாய்
அட்டையில் 'எட்னா, பிரதி' என்று மட்டும் போடும்படி ஆசிரியையிடம் சொன்னேன். இது அகதிகளின் நினைவுக் கண்காட்சி, அப்படியென்றால் இடமில்லை என்றார். படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எண்ணெய் வர்ணம், இன்னும் காயவில்லை. கோட்டெல்லாம் ஆரஞ்சு.

மே 24
டூட்டிங்கில் ஞானேஸ்வரன் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில் ஒரு சுவர் சும்மா கிடக்கிறது. கேட்டேன்.
"கொழுவுங்கோ தங்கச்சி. ஆனா கொத்துரொட்டி போடுற புகை பிடிக்கும்."
"எரிமலைக்குப் புகை புதுசே, அண்ணை?"
அட்டை எதுவும் ஒட்டவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
பூசை முடிந்து நானும் யாக்கோப்பும் அண்ணையின் கடைக்குப் போனோம். பக்கத்து மேசையில் கொத்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, மெல்லுவதை நிறுத்திவிட்டுப் படத்தையே பார்த்தார். ஊரைப் பற்றித்தான் கேட்கப்போகிறார்.
"ஆர் கீறினது?"
"நான்தான்."
"மரமெல்லாம் இந்தப் பக்கம் சாயுது. புகை ஏன் மற்றப் பக்கம் போகுது?"
பார்த்தேன். ஓம், பிழைதான். எனக்கு வந்த சந்தோசம்! எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டார்.
படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் மனம் உடைந்துவிட்டதாக நினைத்து யாக்கோப்பு தேத்தண்ணி போட்டுத் தந்தார். அது ஆறிக்கிடக்கிறது. நான் புகைக்குச் சாம்பல் நிறம் கலந்துகொண்டிருக்கிறேன்.