நூல் அறுந்தால் கூப்பிடு

மார்ச் 2

சித்தி மறுபடியும் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுகிறாளாம். "படிப்பையும் விட்டாச்சு. வீட்ல சும்மாதானே இருக்கா, அனுப்பி வையேன்க்கா."

நான் சும்மா இல்லை. எம்பிராய்டரி கடைக்குப் போகிறேன். ஆனால் அது வெள்ளோட்டம்தான், இன்னும் வேலை என்று ஆகவில்லை. அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். வேலைக்கு எடுத்துக்கிட்டா இரு. இல்லேன்னா சித்தி வீடு." தலையாட்டினேன்.

"பேசாமடந்தைக்கு அதுதான் சரியான இடம். அதுங்களுக்கும் பேச்சு வராது, இவளுக்கும் வராது," என்றான் அண்ணன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மார்ச் 4

ஓடியது! ஓடியது!

சீருடைகளின் மார்பில் பெயர் தைத்துக் கொடுப்பதுதான் கடையின் தொழில். கடை முதலாளியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். இதுவரை ஒவ்வொரு பெயரையும் அக்காவே மெஷினில் தட்டுவாள். மெஷின் கம்பெனி, மெஷினை ஓட்ட லைப்ரரி என்று ஒரு புரோகிராம் கொடுத்திருக்கிறது. சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, சீல் வைத்த டப்பா மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது; எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று மட்டும் ஒரு குறிப்பு. நான் அண்ணனின் பழைய லேப்டாப்பில் கற்றுக்கொண்ட பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து லைப்ரரியிடம் கொடுக்கும். லைப்ரரி ஊசியை ஓட்டும்.

இரண்டுக்கும் நடுவில் நான் தரகர். லைப்ரரி கறார்ப் பேர்வழி, எண் என்றால் எத்தனை பைட் இடம் வேண்டும் என்பார். பைத்தான் எதற்கும் "பார்த்துக்கலாம்" என்பார்.

கஷ்டம் எதிர்ப்பக்கம்தான். நூல் அறுந்தால் லைப்ரரி என் ஸ்கிரிப்டைக் கூப்பிட வேண்டும். அதற்கு, அறுந்தால் என்ன செய்வது என்று நான் எழுதிய ஃபங்ஷனின் முகவரியை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். கொடுத்தேன். இன்று நூல் அறுந்தபோது மெஷின் நின்றது, பீப் அடித்தது. "பரவாயில்லையே!" என்றாள் அக்கா.

மார்ச் 5

கடை கம்ப்யூட்டரைப் பார்க்க வரும் கண்ணாடி அண்ணன் என் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிற. கோட்ல மட்டும் இவ்வளவு வளவளன்னு!"

காது சுட்டது. அவர் போனதும் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். பாதிக்குப் பாதி குறைந்தது. அழகாக இருக்கிறது.

மார்ச் 9

மருத்துவமனைச் சீருடைகள். பெரிய ஆர்டர். ஒரு பெயரைப் பாதி தைக்கும்போதே ஸ்கிரிப்ட் செத்துப் போகிறது. "செக்மென்டேஷன் ஃபால்ட்" - அவ்வளவுதான் சொல்கிறது. எந்த வரி, ஏன், ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டினால் மெஷினுக்கு விட்ட இடம் தெரியவில்லை, எழுத்தின் மேல் எழுத்து தைக்கிறது. சட்டை பாழ்.

கேபிளா? பெயர் நீளமா? நானா?

மார்ச் 10

கேபிள் இல்லை. பெயர் நீளமும் இல்லை. தலை கிறுகிறுக்கிறது.

மார்ச் 11

ஒன்று கவனித்தேன். நூல் அறுந்தால்தான் சாகிறது. அறுகாத சட்டைகள் நன்றாகவே முடிகின்றன. உறுதி செய்துகொள்ள, கழிவுத் துணியைப் போட்டு ஓடவிட்டு, கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். செத்தது. மறுபடி வெட்டினேன். செத்தது.

பின்னால் அக்கா.

"ஏன்டி, நல்லா ஓடுற நூல வெட்டுற? சட்டை பாழானது பத்தாதா?"

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். தொண்டை வரை வந்தது. ஏன் வெளியே வரவில்லை? யாராவது என்னைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தால் எனக்கு என்னதான் ஆகிறது?

"போய் மடிக்கிற மேஜையில உக்காரு," என்றாள்.

மார்ச் 12

மடித்தேன்.

மார்ச் 13

காலையில் அக்காவே மெஷினை ஓட்டினாள். நூல் தானாக அறுந்தது. ஸ்கிரிப்ட் செத்தது. அக்கா திரும்பி, தூரத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"நீ தொடவே இல்லையே."

"அறுந்தாத்தான் சாகுதுக்கா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அதான் வெட்டிப் பார்த்தேன்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில பூட்டா போட்டிருக்கு?" திட்டிக்கொண்டே கண்ணாடி அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள்.

வந்தவர் வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் புரியல. முதல்ல ஓடுச்சுல்ல? அப்புறம் என்ன மாத்துன?"

"சுத்தம் பண்ணேன். நீங்கதான் வளவளன்னு..."

"போச்சுடா," என்றார்.

குறைத்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். ஒவ்வொரு முறையும் நூலை வெட்ட வேண்டும். "குடு, நான் வெட்டுறேன்," என்று கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள் அக்கா. வெட்டுவது அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் பீப்! அக்கா துள்ளிவிட்டாள்.

ஒரு வரிதான். நூல் அறுந்தால் கூப்பிட வேண்டிய முகவரி பைத்தானில் ஒரு பொருளுக்குள் இருக்கிறது. முன்பு அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் வைத்து, அடுத்த வரியில் அதை லைப்ரரியிடம் கொடுத்திருந்தேன். எதற்கு இரண்டு வரி என்று, பெயர் வைக்காமல் நேராகக் கொடுத்துவிட்டேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் இல்லாததால் பைத்தான் அதை யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டது. லைப்ரரி பிடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. லைப்ரரிக்கும் இது தெரியாது. நூல் அறுந்ததும் காலி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அப்படியென்றால் யார் சொல்லியிருக்க வேண்டும்? நடுவில் நின்றவள்தானே?

மார்ச் 20

மருத்துவமனை ஆர்டர் போய்விட்டது. அக்கா வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கலாமா? எப்படிக் கேட்பது?

மார்ச் 28

கேட்டேன். "அடுத்த மாசமும் வரட்டுமாக்கா?"

"வராம? மெஷின் தானா பேசிக்குமா?"

அது ஆமாம்தானா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மார்ச் 31

ஆமாம்தான். அக்காவே அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அம்மா சித்தியிடம் ஃபோனில் சொன்னாள்: "வேற யாரையாவது பாத்துக்கடி. அவளுக்கு இங்க வேலை இருக்கு." அந்தப் பக்கம் குழந்தைகள் இரண்டும் அலறுவது எனக்குக் கேட்டது. பாவம் சித்தி. நான் இவ்வளவு நாள் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அலறல் காதிலேயே நிற்கிறது.

"ஞாயித்துக்கிழமை நான் போயி அதுங்களப் பாத்துக்கிட்டு வரேம்மா," என்றேன்.

அம்மா ஃபோனை நீட்டினாள். "என்கிட்ட எதுக்கு? அவகிட்டச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன்.