விற்ற வீட்டில் தங்கிவிட்ட அண்ணனுக்கு

அண்ணே,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ இருந்தபோது மூத்தவன் என்ற மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன். நீ போன பிறகு, போனவனிடம் என்ன வழக்கு என்று இருந்துவிட்டேன். இனிமேல் முடியாது.

இன்று சாயங்காலம் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வீட்டுத் தரகரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு கயிற்றுக் கடையின் வெளியே அடுக்கியிருந்த தேங்காய்நார்க் கயிற்றுச் சுருள்கள் நனைந்து கிடந்தன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கடைக்காரர், "என்ன சார், எம்புட்டு வேணும்?" என்றார். கயிறு வாங்க வரவில்லை என்றேன்.

அது உன் கை வாசனை. திருப்பரங்குன்றத்து வீட்டில் நீ இருந்த காலமெல்லாம் உன் உள்ளங்கையில் இருந்த வாசனை. அந்த வீட்டில் கிணறே கிடையாது.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால், ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு சந்தில் வெளியேறும் வீடு நம்முடையது. அகலம் கிடையாது, நீளம்தான். முன்கட்டு, முற்றம், நடுக்கட்டு, அப்புறம் குனிந்து போக வேண்டிய ஒரு சின்ன வாசல், அதைத் தாண்டினால் கிணற்றடி. சாயங்காலம் தண்ணீர் இறைத்து அங்கே தொட்டியை நிரப்புவது உன் வேலை. மாடியில் என் அறை, என் புத்தகங்கள். அப்பா திருமங்கலத்தில் பருத்தி கமிஷன் வியாபாரம் பார்த்தார். கூட்டாளிக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கூட்டாளி ஒரு நாள் குடும்பத்தோடு காணாமல் போனார். கொஞ்ச நாளில் அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. கடன்காரர்கள் நம்மிடம் வர ஆரம்பித்தார்கள்.

"வீட்டைக் குடுத்துருவோம்" என்றாய், சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே. சைக்கிளைக் கொடுத்துவிடுவோம் என்பதுபோல.

"முன்கட்டை வாடகைக்கு விடுவோம்ணே. மாடியையும் விடுவோம். வட்டியக் கட்டிக்கிட்டே அசலை மெதுவா அடைப்போம்" என்றேன்.

"நம்ம மெதுவாப் போறோம்னு வட்டியும் மெதுவா வருமாடா?"

"அப்பா பிறந்த வீடு."

"ஆமா, அப்பா பிறந்த வீடுதான். அந்த அப்பாவை வாசல்ல நின்னு தெனம் ஒருத்தன் வையிறானே, வீடு எம்புட்டுப் பெருசா இருந்தா என்ன? படிச்சவன், நீயே சொல்லு."

படிச்சவன். அந்த ஒரு சொல்லை வைத்தே என் வாயை எத்தனை தடவை அடைத்திருக்கிறாய். நீ பள்ளிக்கூடத்தோடு நின்று அப்பாவின் கடையில் உட்கார்ந்தாய், நான் எம்.ஏ. வரைக்கும் போனேன். அதற்கான விலையை நீ என்னிடம் கேட்டதே இல்லை. நினைவுபடுத்திக்கொண்டு மட்டும் இருந்தாய். மதினி உன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பெரியவன் பொறுப்பானவன் என்றார்கள். என் புத்தகங்களை நீ பழைய புத்தகக் கடைக்கு ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பியபோது அந்தப் பொறுப்பை நானும் பார்த்தேன்.

நம் வீட்டு வழக்கம் ஒன்று உனக்கு நினைவிருக்கும். அழகர் இறங்குவதைப் பார்க்கவோ, உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கும்பிடவோ வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் கிளம்பும்போது, மூத்தவர் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த ஆள் வெளியே பக்கத்திலேயே நின்றாலும் சரி, உள்ளே பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். "வந்துட்டேன்" என்று பதில் வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆளில் பாதி வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் என்பார்கள். மூத்தவரை அவரைவிட மூத்த ஒருவர் கூப்பிட வேண்டும். அப்பாவைக் கூப்பிடுவதற்கென்றே அடுத்த தெருவிலிருந்து பெரியத்தை வருவாள். வெற்றிலையை மென்றுகொண்டே அப்பாவின் பெயரை அவள் ஒரு அதட்டு அதட்டுவாள், அப்பா சின்னப் பிள்ளைபோல "வந்துட்டேன்க்கா" என்பார், நாம் இரண்டு பேரும் சிரிப்போம். சின்னவர்கள் பெரியவர் பெயரைச் சொல்லக் கூடாது, பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால்தான் இத்தனை ஏற்பாடு.

வீட்டைக் காலி செய்த அன்று அம்மாவுக்கு மூத்தவரான மாமா வந்து அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவள் அங்கேயே நின்று நம் மூவரையும் கூப்பிட்டிருக்க வேண்டும். பெரியத்தையும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். நீதான் அவசரப்பட்டாய். "பூட்டுறத அம்மா பாக்க வேணாம் மாமா, கூட்டிட்டுப் போங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி இரண்டு பேரையும் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினாய். மதினியை நீ கூப்பிட்டாய், வந்துட்டேன் என்றாள். என்னைக் கூப்பிட்டாய். கோபத்தில் இருந்தாலும் நானும் சொன்னேன்.

"உன்னை யாருண்ணே கூப்பிடுறது?"

"நான் வெளியதான நிக்கிறேன்" என்று பூட்டைத் திருப்பினாய்.

வெளியேதான் நின்றாய். "அண்ணே, வா" என்று நான் கூப்பிட்டேன். அது பெயர் இல்லை. நீயும் பதில் சொல்லவில்லை.

திருப்பரங்குன்றத்தில் ரயில் பாதையை ஒட்டி இரண்டு அறைகளும் ஒரு சமையல் மூலையும். கடன் அடைந்தது, அதை நான் மறுக்கவில்லை. வாசலில் ஒருவனும் வந்து நிற்கவில்லை, அம்மா மத்தியானத்தில் தூங்க ஆரம்பித்தாள். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்து, ஒரு பெண் வீட்டாரும் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா காபியைக் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்து, "மத்த ரூமெல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அந்தச் சம்பந்தம் அந்தக் காபியோடு முடிந்தது. உன் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சமையல் மூலைக்குப் போகும்போதெல்லாம் நீ குனிந்தாய். வாசல் உன் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். "எந்த மகாராசா அரண்மனைன்னு இந்தக் குனி குனியிறீக?" என்று மதினி கேலி செய்தாள், எல்லோரும் சிரித்தோம். அப்புறம் நீ விளக்கு வைக்கும் நேரத்தில் பின்சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாய். கண் திறந்திருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். ரேடியோவில் செய்தி முடிகிற நேரத்துக்கு ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து வருவாய். சட்டைக் கையின் ஓரம் நனைந்திருக்கும். உள்ளங்கையில் அந்தக் கயிற்று வாசனை. மதினிக்கு முதலில் வேறு மாதிரிச் சந்தேகம் வந்தது. ஆனால் சுவரை விட்டு நகராத மனிதன்மேல் எத்தனை நாள் சந்தேகப்படுவாள்?

பிறகு காதர் பாய் கல்லூரிக்கே என்னைத் தேடி வந்தார், நம் வீட்டை வாங்கியவர். மர நிழலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"தப்பா நெனைக்கக் கூடாது தம்பி. பெரியவரு எப்ப வேணாலும் வரட்டும், அவரு பொழங்குன வீடுதானே. ஆனா முன்வாசல் வழியா ஒரு குரல் குடுத்துட்டு வரச் சொல்லுங்க. மஃரிபு தொழுகைக்கு, வெளக்கு வைக்கிற நேரத்துல பொம்பளைங்க பின்னாடி போனா, கெணத்தடியில நிக்கிறாரு."

"எங்க அண்ணனா?"

"அவருதான். தண்ணி எறச்சுத் தொட்டியில ஊத்துறாரு. கூப்பிட்டாத் திரும்புறதில்ல. எங்க அம்மா சொல்லுது, நல்ல மனுசன், நமக்கு வேலை மிச்சம்னு." சிரிக்க முயன்றார். "பின்கதவை நானே தாழ் போட்டுட்டுப் பாத்தேன் தம்பி. அப்பவும் தொட்டி நெறஞ்சிருந்துச்சு."

அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ ஆச்சரியப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "தொட்டி நெறஞ்சிருந்துச்சாமா?" என்று மட்டும் கேட்டாய். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன், ஒரு நடை போய் அந்த வாசலில் நின்று உன் பெயரைக் கூப்பிடச் சொல்லி. கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை இன்னொரு வீட்டு வாசலில் போய்க் கூப்பிடுவாளா? "உசுரோட இருக்கிறவனை எழவு கூப்பிடச் சொல்றியாடா?" என்று என்னை அடிக்க வந்தாள். உன்னிடமும் சொன்னேன், நீயே அம்மாவை அழைத்துப் போ என்று. "எதுக்கு? இங்கன என்ன குறை?" என்றாய். அந்த நேரம் உன் முகம் நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் செய்தி முடிந்தது, அதற்குப் பிறகு நாடகமும் முடிந்தது. நீ எழுந்து வரவில்லை. அம்மா உன்னைப் போட்டு உலுக்கி, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள். கூப்பிட்டவள் சரியான ஆள். கூப்பிட்ட இடம்தான் தப்பு. மதினி உசிலம்பட்டிக்குத் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அப்புறம் மாமா காலமானார், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

என் வழக்கை இப்போது கேள். வீட்டை விற்க வேண்டும் என்றவன் நீ. வேண்டாம் என்றவன் நான். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து இரண்டு அறைக்குள் எங்களை மடித்து வைத்துக்கொண்டோம். நீ மட்டும் வரவில்லை. ஊரெல்லாம் உன்னைத் தியாகி என்றது. வீட்டை இழக்காத ஒரே ஆள் நீதான்.

உன்மேல் இருந்த கோபத்தில் நானும் ஒரு வீடு கட்டினேன். ஊருக்குக் கிழக்கே, புதிதாக வந்த காலனியில். மூன்று பேருக்கு எதற்கு இத்தனை அறை என்று கொத்தனாரே கேட்டார். மாடி வைத்தேன், கிணறும் வெட்டினேன். கூட்டுறவு சொசைட்டியில் கடன், அதை அடைக்க வெளியில் கடன். இப்போது என் வாசலில் ஆள் வந்து நிற்கிறான். என் பெண் ரெண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடமே, "அப்பா இல்லேன்னு சொல்லச் சொன்னாரா பாப்பா?" என்று கேட்கிறான். என் மனைவி, நீ போன பிறகு வந்தவள், ஒரு வருஷமாகச் சொல்கிறாள்: "வித்துட்டுச் சின்னதாப் போவோங்க. இத்தனை ரூமைக் கூட்டியே என் இடுப்பு போச்சு." முடியாது என்று சொல்லிவந்தேன். நேற்று அவன் போன பிறகு என் பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்குத் தரகரைப் போய்ப் பார்த்தேன்.

கயிற்றுக் கடையிலிருந்து கால் தானாக நம் சந்துக்குள் திரும்பியது. காதர் பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக வயதாகிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க தம்பி. அவரு வர்ற நேரந்தான். உள்ள வந்து பாத்துட்டுப் போங்க."

"இன்னுமா பாய்?"

"அவருக்கென்ன, ஒரு நாள் தவறுனதில்ல. மோட்டார் போட்டாச்சு. ஆனா அந்தத் தொட்டிக்கு மட்டும் கொழா வைக்கல. அவரு வேலைய நம்ம ஏன் கெடுக்கணும்?"

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டு அவர் பேச்சை நிறுத்தினார். அது ஓய்ந்ததும், வீட்டின் அந்தக் கோடியில் உருளை கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழுந்தது. கயிறு கை மாறி ஏறுகிற அந்த நிதானம் எனக்குத் தெரியும், எத்தனை வருஷம் கேட்டு வளர்ந்தவன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்து, விற்றுவிடுவோம் என்று சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான். அப்புறம் அவளிடம் என் பெயரைச் சொல்லச் சொன்னேன்.

"என்ன விளையாட்டு இது?"

"ஒரு தடவை. கிளம்புற அன்னைக்கு வாசல்ல நின்னு நீதான் கூப்பிடணும்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் முயன்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குடும்ப அட்டையைக் கொண்டுவந்து என் பெயருக்குக் கீழே விரலை வைத்து, "இந்தா இருக்குல்ல, இது போதாதா?" என்றாள். என் பெண் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். கல்லூரியில் எல்லோருக்கும் நான் சார். மதினிக்கு நான் எப்போதும் தம்பிதான். யோசித்துப் பார்த்தேன். என் பெயரைச் சொல்லி, உள்ளே பார்த்து, வெளியே வாடா என்று அதட்ட உரிமையுள்ளவர்களில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

அதனால் கேட்கிறேன். மன்னித்துவிட்டதால் அல்ல. என் புத்தகங்களுக்கும் அந்தச் சிரிப்புக்கும் நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் உன்னைப்போல் ஆக மாட்டேன். ஏதோ ஒரு சின்ன வீட்டின் சுவரில் சாய்ந்துகொண்டு, என் பெண் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், வேறொருவன் வீட்டில் போய் நின்றுகொண்டிருக்க மாட்டேன். நாங்கள் கிளம்புகிற அன்று சாயங்காலம் மட்டும் அந்த வாளியை வைத்துவிட்டு வா.

உறையின் மேல் உன் பெயரையும் பழைய வீட்டு விலாசத்தையும் எழுதியிருக்கிறேன். எழுதலாம், சொல்லத்தான் கூடாது. காதர் பாய் பிரிக்க மாட்டார், கிணற்று மேடையில் வைத்துவிடுவார். காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் பெட்டியில் போடுகிறேன்.

கீழே கையெழுத்துப் போடவில்லை. என் பெயரை நீ சொல்லித்தான் நான் கேட்க வேண்டும்.