வெள்ளை மணலுக்குக் கீழே

இன்று காலை பால்கனியில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மண் நனைந்ததும் அந்த வாசனை கிளம்பியது. கரியும் உப்பும் பழஞ்சிப்பியும் சேர்ந்த வாசனை. நீ முகர்ந்திருக்க வேண்டிய வாசனை அது. ஒரு தடவைகூட நீ முகரவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சிரிக்காதே. செடி வளர்க்கிற ஆளா நான் என்று கேட்பாய். நீ வெளியூர் அகழாய்வுக்குப் போயிருந்தபோது உன் துளசியைச் சருகாக்கி வைத்த அதே புருஷன்தான். ஆனால் இந்தத் தொட்டியை மட்டும் காய விடுவதில்லை. செடிக்காக இல்லை, மண்ணுக்காக.

தொண்ணூறுகளின் நடுவில் நீ இந்தோனேசியத் தீவு ஒன்றில் வேலை முடித்துத் திரும்பி வந்தாய். கறுத்து, இளைத்து, வாய் ஓயாமல். செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் புருஷனை நலம்கூட விசாரிக்கவில்லை. ஆஸ்ட்ரோனேசிய மொழிகள் பேசிய ஜனங்கள் தைவான் பக்கமிருந்து கிளம்பினார்களாம். பக்கவாட்டில் மிதவை கட்டிய படகில் கிழங்கையும் கோழியையும் நாயையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகக் குடியேறினார்களாம். கிழக்கே பசிபிக்கின் கோடி வரைக்கும் மேற்கே மடகாஸ்கர் வரைக்கும் போனார்களாம். கல்பாக்கம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. "அவ்ளோ தூரம் போனவங்க, நடுவுல நம்ம கரையில ஒரு நாள்கூட எறங்கியிருக்க மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாய். முன்சீட்டுக்காரர் திரும்பி, "யாரும்மா எறங்கணும்? பூஞ்சேரி ஸ்டாப்பா?" என்றார். அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு, மகாபலிபுரம் போகிற வழியில் கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில் அந்தச் சில்லு உன் காலில் தட்டுப்பட்டது. வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை நீளம், ஒரு பக்கம் கூர்மையாகத் தீட்டிய சிப்பி. படகு மரம் செதுக்கும் வாய்ச்சியின் அலகு என்றாய். தீவுகளில் இதே போல நூறு பார்த்தவள் நீ. அந்தப் பெரிய சிப்பி இனம் நம் கரையில் வளராது என்பதால், யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் மேல்மணலில் கிடந்த பொருளை யார் மதிப்பார்கள்? உன் துறைக்காரர்களே உனக்கு 'சிப்பி மேடம்' என்று பேர் வைத்தார்கள். நீ கோபப்படவில்லை. "அவங்க சொல்றது சரிதான். எடம் தெரியாத பொருளுக்கு நாக்கு கிடையாது" என்றாய். அந்தச் சில்லு எந்த மண் அடுக்கில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதே அதன்பிறகு உன் வாழ்க்கையாகிப் போனது.

கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு குழிக்கு அனுமதி வாங்கினாய். நான் கல்பாக்கத்தில் குழாய்களையும் வால்வுகளையும் வரைகிற டிராப்ட்ஸ்மேன். லீவு நாளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து உன் குழியின் சுவரை அளந்து வரைவேன். பக்கத்துக் குப்பத்திலிருந்து தெய்வானை பாண்டுச் சட்டியில் மண் சுமக்க வருவாள். "இன்னாக்கா, தங்கம் வந்தா எனக்கும் ஒரு தோடு குடுப்பியா?" என்று உன்னைச் சீண்டிக்கொண்டே இருப்பாள்.

மேலே பானை ஓடு வந்தது, சீனப் பீங்கான் ஓடு வந்தது, அதற்கும் கீழே கறுப்பு சிவப்பு ஓடு வந்தது. சிப்பி அலகு மட்டும் வரவில்லை. பிறகு வெள்ளை மணல் வந்தது. சல்லடையில் ஒரு தூசு தங்காத சுத்தமான மணல். இன்னும் ஒரு முழம் இறங்கிப் பார்த்தாய், மணல்தான். குழிக்குள் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்தாய். "எழுதிக்கோங்க. கன்னி மண்" என்றாய். மனிதர் கால் படாத மண் அது. அது வந்துவிட்டால் உங்கள் உலகத்தில் அதற்குக் கீழே கதை இல்லை, மேலே ஏறிவிட வேண்டியதுதான். என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மூடுவதற்கு முன் நீ அடியில் ஒரு நீல பாலிதீன் ஷீட்டை விரித்தாய். பின்னால் யாராவது தோண்டினால் இதுவரை நாங்கள் வந்துவிட்டோம் என்று தெரிய வேண்டும், அது உங்கள் வழக்கம். "கடலுக்கே பாய் போட்டுட்டியாக்கா" என்றாள் தெய்வானை. நீ ஷீட்டின் ஓரங்களை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

சில மாதம் கழித்து, கடைசிக் கூடை மணலை வீட்டில் மறுபடி சலித்தபோது அதில் ஒரு மீன் முள் இருந்தது. சாதாரண முள்ளாக இருந்தால் கடல் கொண்டுவந்தது என்று விட்டிருப்பாய். அது தீயில் கருகிய முள். செய்தித்தாளின் மேல் அதை வைத்துவிட்டு, பரிமாறிய சோறு ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாய். மேலேயிருந்து நண்டு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். "கீழேருந்தும் நண்டு இழுத்துட்டு வரும்ல?" என்றாய்.

அன்று பிடித்தது உன்னைப் பேய். குழியை மறுபடி திறக்க எத்தனை மனு போட்டாய்! ஒரு தடவை தோண்டிப் பார்த்த இடத்துக்குத் திரும்பப் பணம் இல்லை என்றார்கள். அதற்குள் தோப்பு கைமாறி, சுற்றிலும் மதில் எழும்பி, கடற்கரை விடுதி வரப்போகிறது என்று போர்டு மாட்டினார்கள். உனக்குச் சிறுநீரகம் கைவிட்டதும் அதே சமயம்தான். ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிற நாளில்கூட ஆட்டோவை அந்தப் பக்கம் விடச்சொல்லி மதிலைப் பார்ப்பாய். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? உயிர் ஊசலாடுகிறது, இவளுக்கு மணல் கேட்கிறது என்று கத்தியிருக்கிறேன். பதிலுக்குக் கத்த உனக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அது கன்னி மண்ணுதானே?" என்று கேட்டாய். "தெரியலம்மா" என்றேன். "தெரியலன்னு சொல்லாதீங்க. ஆமான்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு குடுங்க எனக்கு." என்னிடம் ரெண்டில் எதுவுமே இல்லை. நீ கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ போன மறு வருஷம் கடல் ஊருக்குள் வந்தது. நம் குடியிருப்பில் நான் மாடியில் இருந்ததால் தப்பித்தேன். தண்ணீர் வடிந்த பிறகு தெய்வானையைப் பார்க்கக் குப்பத்துக்குப் போனேன். அவள் கொழுந்தனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவள் அழக்கூட நேரமில்லாமல் வீட்டுக்குள் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். "வூடு பூரா மண்ணு கீது சார். துக்கத்துக்கு வந்தவங்கோ வெளிய குந்திகினு கீறாங்கோ. கஞ்சி காச்சணும், சட்டி வோணும்."

மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். முழங்கால் உயரத்துக்கு வெள்ளை மணல். சுத்தமான, ஒரு தூசு இல்லாத மணல். அள்ள அள்ள அதுதான். ஒரு கட்டத்தில் மண்வெட்டி நுனியில் கறுப்பு தட்டுப்பட்டது. சாணி மெழுகிய தரை. அடுப்பு. அடுப்பில் கரி. அதன் மேல் சாயாமல் நின்ற மண்சட்டி, அதில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் மீன் முள்.

வெட்டிய பள்ளத்தின் சுவரைப் பார்த்தேன். மேலே வெள்ளை, கீழே மெல்லிய கறுப்புக் கோடு. கை தானாகப் பென்சிலைத் தேடியது. ஒரே காலைப்பொழுதில் கடல் ஒரு வீட்டின் மேல் கன்னி மண்ணைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. துக்க வீட்டின் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு நான் உன் குழியை நினைத்தேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. தெய்வானை சட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நானும் அழுதேன். அவளுக்காக மட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே அந்த விடுதிக்குப் போனேன். மதில் விழுந்து கிடந்தது, விருந்தாளிகள் ஓடிவிட்டிருந்தார்கள். செய்யூர் பக்கத்து வாட்ச்மேன் ஒருவர் மட்டும் இருந்தார். நம் குழி இருந்த இடத்தில் நீச்சல் குளம். அதிலும் மணல்.

"இது தோண்டும்போது நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் சார். பொக்லைன் வெச்சி எடுத்தாங்க. ஒரு எடத்துல நீல கவரு வந்துச்சி. அதுக்குக் கீழ வெள்ள மண்ணு, அதுக்குக் கீழ கறுப்பு. ஒரே சிப்பியும் ஓடும். எருவாட்டம் இருந்துச்சா, அத்த செடிக்குப் போட்டுட்டோம். மிச்சம் ரோட்டுக்குப் போயிட்ச்சி."

"கவருக்கும் கறுப்புக்கும் நடுவுல எவ்ளோ மணல் இருந்தது?"

அவர் யோசித்துவிட்டு விரல்களை விரித்துக் காட்டினார். "அது இன்னா சார், ஒரு சாண்."

எப்போது தோண்டினார்கள் என்று கேட்டேன். போன வருஷம் ஆடி மாசம் என்றார். அந்த ஆடியில்தான் நீ என் விரலைப் பிடித்துக் கேட்டாய்.

சுவரோரம் வரிசையாக இருந்த குரோட்டன்ஸ் செடிகளின் அடியில் இரண்டு கையாலும் கிளறினேன். கருகிய முள், முரட்டு ஓடு, சாம்பல். எல்லாம் எருவோடு கலந்து, எது எதன் மேல் இருந்தது என்று சொல்ல ஒரு நாதி இல்லாமல். சிப்பி அலகு ஒன்றும் கிடைக்கவில்லை. "இன்னா சார் தொலைச்சீங்க?" என்று வாட்ச்மேன் பரிதாபமாகக் கேட்டார். என் கோலத்தைப் பார்த்து அவரே ஒரு தொட்டியைத் தூக்கி சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டார்.

உன் துறைக்காரர்களிடம் போய்ச் சொன்னேன். மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். வாட்ச்மேன் வாய்ச்சொல்லும் பூந்தொட்டி மண்ணும் ஆதாரம் ஆகாது என்றார்கள். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். நான் வரைந்த தாளில் 'கன்னி மண்' என்றுதான் இன்னும் இருக்கிறது. அதைத் திருத்தினால் நீயே என்னை மன்னிக்க மாட்டாய். அங்கே இருந்தவர்கள் உன் படகுக்காரர்களா, வேறு யாரோவா, அதுவும் எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் இருக்கிறது. ரெண்டில் ஒன்று கொடு என்றாயே. இந்தா. இல்லை. அது கன்னி மண் இல்லை. நீ பாய் விரித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே யாரோ அடுப்பு மூட்டி மீன் சுட்டிருக்கிறார்கள்.